மேலே காடு, கீழே காப்பிச் செடி: சோலைத் துண்டுகளில் எந்த வேலை நின்றுபோகிறது?

சோலைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் டிவிஷனில் ஓடையை ஒட்டி ஒரு சோலைத் துண்டு உண்டு. பத்துப் பன்னிரண்டு ஹெக்டேர் தேறும். சுற்றிலும் தேயிலை. பெரிய காட்டோடு தொடர்பு கிடையாது.

கூகுள் மேப்பில் கரும்பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் தெரியும். உள்ளே நுழைந்தால்தான் விஷயம். அண்ணாந்து பார்த்தால் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் எல்லாம் நிற்கின்றன. கீழே முழுக்க ரொபஸ்டா காப்பி. யாரும் நட்டதில்லை, தானாக முளைத்தது. வெளிச்சம் விழும் இடங்களில் உண்ணிச்செடி, ஓரங்களில் வட்டத்தாமரை மரம். பெரிய மரங்களின் கன்று இடுப்பு உயரத்துக்கோ தோள் உயரத்துக்கோ நிற்கிறதா என்று பார்த்தால், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மேனேஜர் "மரம் நிற்கிறதே, அப்புறம் என்ன? இடைவெளியில் சில்வர் ஓக் போட்டு நிரப்பிவிடலாம்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. சில்வர் ஓக் தேயிலைக்கு நிழலுக்காக வைக்கும் வெளிநாட்டு மரம், ஆனால் அவருக்கு எல்லா மரமும் மரம்தான்.

காடு துண்டாகி, சில பறவைகளும் மிருகங்களும் போய்விட்டால், மிச்சக் காட்டில் எந்த வேலை நிற்கும்? எல்லாமா, சிலது மட்டுமா? "இயற்கைச் சமநிலை கெடும்" என்று பொதுவாகச் சொல்லாமல் யாராவது விவரமாகச் சொல்லுங்கள். மேனேஜரிடம் அந்த வசனத்தைச் சொன்னால் சிரிப்பார்.

---

இருவாச்சிநேசன்

சோலைக்கரை அண்ணா, முதலில் விதையைப் பாருங்கள்.

மழைக்காட்டு மரங்களில் பெரும்பாலானவை பழத்தைக் கொடுத்து, தின்னும் பிராணியை வைத்து விதையைத் தள்ளிக் கொண்டுபோக வைக்கின்றன. தாய்மரத்தடியில் விழுந்த விதை பிழைப்பது கடினம். அந்த மரத்துக்கே உரிய பூச்சியும் பூஞ்சையும் அங்கேதான் குவிந்திருக்கும். 1970, 71இல் ஜான்சன், கானெல் என்று இரண்டு பேர் தனித்தனியாக இதை எழுதினார்கள், இன்றும் பெயரே அதுதான்: ஜான்சன்–கானெல் விளைவு.

சின்ன விதை என்றால் கொண்டுபோக ஆள் நிறைய. கொண்டைக்குருவி, குக்குறுவான் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. குங்கிலியம், காட்டு ஜாதிக்காய் போன்றவற்றின் விதை பெரிது, கொண்டைக்குருவியின் வாய் அந்த அளவுக்குத் திறக்காது. அதை முழுசாக விழுங்கித் தூரமாகப் போய்த் துப்பக்கூடியது பெரிய இருவாச்சி, மலைப்பக்கத்துப் பெரும்புறா, இன்னும் ஒன்றிரண்டு. அவ்வளவுதான் பட்டியல்.

இருவாச்சிக்குக் கூடு வைக்கப் பெருமரத்தில் இயற்கையாக உண்டான பொந்து வேண்டும். பெட்டை உள்ளே போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும், ஆண்தான் ஒரு கீறல் வழியாக அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து ஊட்டும். அந்தச் சமயத்தில் பழ மரங்கள் சுற்று வட்டாரத்தில் இல்லையென்றால் அந்த வருஷம் குஞ்சு கிடையாது. பொந்து மரம், பல மாதத்துக்குப் பழம், பறந்து திரிய விரிந்த காடு, இந்த மூன்றும் காடு துண்டாகும்போது முதலில் அடிபடும்.

உங்கள் ஓரத்தில் வட்டத்தாமரை பெருகுவதற்கும் இதே கணக்குதான். சின்ன விதை, சின்னப் பறவை, வெளிச்சம். மூன்றும் இருக்கிறது.

---

கணக்கன்

நான் உயிரியல் படித்தவன் இல்லை, புள்ளிவிவரம் என் தொழில். சந்தேகத்தோடுதான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.

ஒன்று. ஒரு காட்டில் நூற்றுக்கணக்கான இனங்கள் இருக்கின்றன. ஒரு பஸ் வராவிட்டால் அடுத்த பஸ்ஸில் ஏறுவதுபோல, ஒன்று போனால் இன்னொன்று அந்த வேலையைச் செய்யாதா? எத்தனை போனால் உண்மையிலேயே வேலை நிற்கும் என்று யாராவது அளந்திருக்கிறார்களா?

இரண்டு. கார்பன் உறிஞ்சுவது, மண்ணைப் பிடித்து நிறுத்துவது, இதையெல்லாம் சில்வர் ஓக்கும் செய்யும். வேகமாகவே செய்யும். "வேலை" என்று நீங்கள் சொல்வதில் எது வெடிப்பலாவால் மட்டும் முடியும்?

மூன்று. இங்கே வந்து யாராவது "காடு அழிந்தால் மழை போய்விடும்" என்று எழுதப்போகிறார்கள். அது மரமூடாக்கு பற்றிய விஷயம். இனங்கள் குறைவது பற்றியதில்லை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

---

பொள்ளாச்சித் தென்றல்

காடு அழிந்தால் மழை போகத்தானே செய்யும்? 😄 ஆழியாறு, பரம்பிக்குளம் தண்ணீரை நம்பித்தான் எங்கள் தென்னை நிற்கிறது.

---

கணக்கன்

பார்த்தீர்களா.

---

குறிஞ்சி டீச்சர்

கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன் தம்பி மூன்றாவதாகச் சொன்னது முழுக்கச் சரி. தென்றல், உங்கள் தென்னைக்கு வரும் தண்ணீருக்கு மலையில் மண்ணும் மரமூடாக்கும் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் இழையின் கேள்வி வேறு: மரமூடாக்கு அப்படியே இருந்து, உள்ளே இனங்கள் மட்டும் குறைந்தால் என்ன ஆகும் என்பது.

முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். ஒன்று போனால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்பது பல வேலைகளுக்கு உண்மை. உதிர்ந்த இலையை மக்கவைக்க எண்ணற்ற பூஞ்சையும் பூச்சியும் உண்டு, நாலைந்து போனால் யாருக்கும் தெரியாது. சின்ன விதை பரவுவதும் அப்படித்தான். பெரிய விதைக்கு ஆள் இரண்டோ மூன்றோதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று, எந்த வரிசையில் போகின்றன என்பது. காட்டை வெட்டித் துண்டாக்கும்போது இனங்கள் குலுக்கல் முறையில் போவதில்லை. உடல் பெரியது, மெதுவாகக் குட்டியோ குஞ்சோ போடுவது, அதிக இடம் வேண்டுவது, ஒரே வகை உணவை நம்பியிருப்பது, இவைதான் முதலில் போகும். மாற்று ஆள் இல்லாத வேலைகளைச் செய்பவையும் பெரும்பாலும் இவையே. அதனால் நூறில் ஐந்து இனம்தான் போயிற்று என்ற கணக்கை வைத்து நிம்மதி அடைய முடியாது. அந்த ஐந்தும் எந்த ஐந்து என்று கேட்க வேண்டும்.

அளந்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். பிரேசிலில் மனாவுஸ் நகரத்துக்கு வடக்கே 1979இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். மேய்ச்சலுக்காகக் காட்டை அழிக்கப்போகிற இடத்தில், 1, 10, 100 ஹெக்டேர் என்று துண்டுகளை விட்டுவைக்கச் சொல்லி, வெட்டுவதற்கு முன்பும் பின்பும் பார்த்தார்கள். அங்கே சாணி வண்டுகளைப் பற்றிச் செய்த ஆய்வு எனக்குப் பிடித்தது. சின்னத் துண்டுகளில் வண்டு இனங்கள் குறைந்தன, இருந்தவையும் உருவில் சிறியவை. சாணம் மண்ணுக்குள் போகும் வேகமும் குறைந்தது. அது மண்ணுக்கு உரம், சாணத்தில் இருக்கும் விதைக்குப் புதையிடம், ஒட்டுண்ணிகளுக்குத் தடை. ஒரு வண்டு குறைந்ததில் மூன்று காரியம் மந்தமாயிற்று.

இன்னொன்று வெனிசுவேலாவில். கரோனி ஆற்றில் அணை கட்டி 1986இல் நீர் முழுதாக நிரம்பியபோது குன்றுகளின் உச்சிகள் தீவுகளாகிவிட்டன. சின்னத் தீவுகளில் ஊன் தின்னும் மிருகங்கள் அற்றுப்போயின. டெர்பார்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2001இல் வெளியிட்ட கணக்கின்படி இலைவெட்டி எறும்பு, ஊளைக்குரங்கு, உடும்பு போன்ற இகுவானா, எலி வகைகள் பெரிய நிலப்பரப்பில் இருப்பதைவிடப் பத்து முதல் நூறு மடங்கு பெருகின. இளங்கன்றுகளை அவை தின்றே தீர்த்தன. மேலே மரம் இருந்தது, கீழே அடுத்த தலைமுறை இல்லை. சோலைக்கரை எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்தத் தீவுகள்தான் நினைவுக்கு வந்தன, காரணம் வேறு என்றாலும்.

---

பூங்குயில்

டீச்சர், மொரீஷியஸில் டோடோ பறவை அழிந்ததால் ஒரு மரம் முளைக்கவே இல்லை என்று பள்ளியில் படித்தேனே, அதுவும் இதே கதைதானே?

---

குறிஞ்சி டீச்சர்

அந்தக் கதையை விட்டுவிடுங்கள் அம்மா. 1977இல் அப்படி ஒரு கட்டுரை வந்தது, உலகம் முழுக்கப் பரவியது. பிறகு பார்த்தவர்கள் அந்த விதை எந்தப் பறவை வயிற்றுக்குள்ளும் போகாமலே முளைக்கும் என்றும், டோடோ போன பிறகு முளைத்த மரங்களும் இருக்கின்றன என்றும் காட்டிவிட்டார்கள். அழகான கதை. பாடப்புத்தகத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

அதே வகையில் உறுதியான ஒன்று வேண்டுமென்றால் பிரேசிலின் அட்லாண்டிக் காடு. கரும்பும் காப்பியும் பயிரிட அந்தக் காட்டைத் துண்டு துண்டாக்கினார்கள். ஜுசாரா என்று ஒரு பாக்குமர வகை அங்கே உண்டு. டூக்கான் போன்ற பெரிய அலகுப் பறவைகள் அற்றுப்போன துண்டுகளில், 12 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான விதைகளே அந்த மரத்தில் இல்லாமல் போய்விட்டன. 2013இல் சயன்ஸ் இதழில் வந்தது. சின்னப் பறவை விழுங்க முடிந்த விதைதான் பரவியது, தலைமுறைகள் போகப் போக மரமே சின்ன விதை போடும் மரமாகிவிட்டது. சின்ன விதை வறட்சியில் சீக்கிரம் காய்ந்து சாகும். மரம் அழியவில்லை, பட்டியலில் இனம் இருக்கிறது. ஆனால் பழைய மரம் இல்லை.

---

கணக்கன்

டோடோவை நீங்களே தள்ளிவிட்டதால் நம்பிக்கை வருகிறது. அப்படியானால் இதையும் கேட்கிறேன். இனங்கள் அதிகம் இருந்தால் வறட்சியைத் தாங்கும் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டில்மன் என்ற சூழலியலாளர் செய்த புல்வெளி ஆய்வு. 1988 வறட்சியில் இனங்கள் அதிகமுள்ள கட்டங்கள் குறைவாகப் பாதிக்கப்பட்டன என்றார். ஆனால் இனங்கள் குறைந்திருந்த கட்டங்களில் நைட்ரஜன் உரம் அதிகம் போட்டிருந்தார்கள். உரத்தால் குறைந்ததா, இனக்குறைவால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. என் துறையில் இதைத் தேர்வில் கேட்பார்கள்.

---

குறிஞ்சி டீச்சர்

அந்த விமர்சனம் அப்போதே வந்தது, நியாயமானதும்கூட. அதனால்தான் 1994இல் அதே இடத்தில் 1, 2, 4, 8, 16 இனங்கள் என்று சீட்டுப் போட்டுத் தேர்ந்து, கட்டம் கட்டமாக விதைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள். உரக் குழப்பம் அங்கே இல்லை. அதிலும் இனம் கூடக் கூட விளைச்சலும் நிலைத்தன்மையும் கூடியது.

ஆனால் எனக்கு அந்த ஆய்வில் வேறு மனக்குறை. சீட்டுக் குலுக்கிப் போட்டதால், மேலே நான் சொன்ன வரிசை அதில் இல்லை. நிஜத்தில் நடக்கும் இழப்பு அதைவிட மோசமாக இருக்கலாம். புல்வெளியை வைத்து மழைக்காட்டை அளப்பதும் எனக்கு ஒப்பவில்லை.

நம் ஊரிலேயே செய்த ஒன்றைச் சொல்கிறேன். 2020இல் வெளியானது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கைக் காடுகளையும் தேக்கு, யூகலிப்டஸ் தோட்டங்களையும் செயற்கைக்கோள் தரவில் வருஷக்கணக்கில் ஒப்பிட்டார்கள். நல்ல வருஷத்தில் தோட்டமும் கார்பனை நன்றாகவே பிடிக்கிறது. வறட்சி வந்தால் பல இனம் கலந்த காடு அதிகம் ஆட்டம் காணாமல் இருக்கிறது, ஒற்றை மரத்தோட்டம் ஏறி இறங்குகிறது. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில் என்று நினைக்கிறேன். சில்வர் ஓக்கும் செய்யும், நல்ல காலத்தில்.

---

செராஸ் தமிழன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் விதையைப் பேசுகிறீர்கள், நான் பூவைச் சொல்கிறேன். உங்கள் வெடிப்பலாவும் எங்கள் டுரியானும் உறவு. காய் முள்ளைப் பார்த்தாலே தெரியும்.

டுரியான் பூ இரவில் மலரும். மகரந்தத்தைக் கொண்டுபோவது முக்கியமாகத் தேன் குடிக்கும் வௌவால்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறோமே, அந்தக் குகைகளில் இந்த வௌவால்கள் உண்டு. 1970களில் இரண்டு ஆய்வாளர்கள் அங்கே வௌவால் எச்சத்தை எடுத்து, அதில் எந்தெந்த மகரந்தம் இருக்கிறது என்று பார்த்தார்கள். டுரியான் வருஷத்தில் சில வாரம்தான் பூக்கும். மற்ற நாள் அவை எதைத் தின்று பிழைக்கும்? கடலோரச் சதுப்பில் வளரும் பெரெம்பாங் வகை மரங்களின் பூவை. குகையிலிருந்து கடற்கரை வரை இரவில் பறந்து போய்வருகின்றன.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடலோரத்தில் இறால் பண்ணைக்காகச் சதுப்புக்காட்டை வெட்டுகிறான் ஒருவன். சுண்ணாம்புக் குன்றைக் குவாரிக்காக உடைக்கிறான் இன்னொருவன். உள்நாட்டில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவருக்குக் காய் குறைகிறது. மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. வௌவாலைத் தொல்லை என்று சுடுகிற தோட்டக்காரர்களும் இருக்கிறார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

---

இருவாச்சிநேசன்

செராஸ் அண்ணா, அருமை. உறவு முள்ளோடு நிற்கவில்லை. வெடிப்பலாவின் பூவையும் இங்கே பாலூட்டிகள்தான் மொய்க்கின்றன. களக்காடு–முண்டந்துறைப் பக்கம் செய்த ஆய்வில் சோலைமந்தி, கருமந்தி, மரநாய், வௌவால் எல்லாம் அந்தப் பூவுக்கு வருவதைப் பதிவு செய்து, மகரந்தம் சேர்வதில் அவற்றுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். வேறு பழம் அதிகம் இல்லாத மாதங்களில் பூக்கிறது. மந்தி பூவைத் தின்கிறது, பிறகு காயையும் விதையையும் உடைத்துத் தின்கிறது. நல்லவன் கெட்டவன் இரண்டும் ஒரே ஆள்தான்.

---

தாண்டிக்குடி மேடு

கீழ்ப் பழனி மலையில் சின்னக் காப்பித் தோட்டம். எனக்குப் பணக் கணக்குதான் புரியும். கோஸ்டாரிகாவில் ஒரு பெரிய காப்பித் தோட்டத்தில், காட்டுத் துண்டிலிருந்து சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த செடிகளில் மகசூல் 20 சதவீதம் கூடுதல் என்று 2004இல் வந்தது. காட்டிலிருந்து வரும் தேனீக்களால். அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டும் வருஷத்துக்கு 60,000 டாலர் அளவுக்கு லாபம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதுவும் அரபிகா வகைக் காப்பி. அரபிகா தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும், அதற்கே இவ்வளவு. ரொபஸ்டாவுக்கு அயல் மகரந்தம் இல்லாமல் காயே கிடையாது. குடகுப் பக்கம் அந்த வேலையில் பெரும்பங்கு மலைத்தேனீக்கு. அது உயரமான பெருமரங்களில்தான் கூடு கட்டும். நிழல் மரத்தை வெட்டிவிட்டு சில்வர் ஓக் மட்டும் வைத்தவர்களுக்கு இது உறைக்க வேண்டும். உறைக்காது, மிளகுக் கொடி ஏற்ற வசதி என்பார்கள். நானும் ஒரு பக்கத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

---

வேங்கைமரத்தான்

கழுகுகள் போனதை விட்டுவிட்டீர்களே! பிணந்தின்னிக் கழுகு அழிந்து நாட்டில் தெருநாய் பெருகியதே.

---

குறிஞ்சி டீச்சர்

ஒரு இனம் போனால் வேலை நிற்கும் என்பதற்கு நல்ல சான்றுதான். ஆனால் அது வாழிடம் அழிந்து போனது இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் செத்தன. 2006இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

---

குங்கிலியம்

நான் மலைக்காரன். அதிகம் எழுத வராது. எங்கள் ஆட்கள் தேனும் குங்கிலியப் பிசினும் எடுப்பவர்கள். பெரியவர்கள் காட்டிய மரங்களில்தான் நாங்களும் பிசின் எடுக்கிறோம். அதே மரங்கள். அதற்கு அடுத்த வயது மரம் உள்காட்டில் இருக்கிறது, எஸ்டேட் நடுவில் இருக்கும் துண்டில் இல்லை. பிசின் எடுக்கத் தெரியாதவன் அடியில் நெருப்பு வைத்தும் மரத்தைச் சாகடிக்கிறான், அதையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் வாழச்சால் பக்கம் காடர் பழங்குடியினர் இப்போது இருவாச்சிக் கூடுகளைக் கணக்கெடுத்துக் காவல் காக்கிறார்கள். முன்பு குஞ்சை எடுத்துத் தின்றவர்கள்தான். கூடு எந்த மரத்தில் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

---

சோலைக்கரை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒரு விஷயம் இடிக்கிறது. எங்கள் பக்கம் இருவாச்சி இல்லாமல் இல்லை. காலையில் தேயிலைக்கு மேலே சத்தமாகச் சிறகடித்துப் போவதைப் பார்க்கிறேன். மரநாயும் உண்டு, காப்பிக்கொட்டை போட்டுவைக்கிறது. பிறகு ஏன் கன்று இல்லை?

---

குறிஞ்சி டீச்சர்

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டு வகை மரத்தைப் பிரித்துப் பாருங்கள். நாங்கு, வெடிப்பலா இரண்டின் விதையும் கனமானது, பெரும்பாலும் மரத்தடியிலும் அக்கம்பக்கத்திலும்தான் விழும். இருவாச்சியை நம்பி அவை இல்லை. குங்கிலியமும் காட்டு ஜாதிக்காயும் பறவையை நம்பியவை. உங்கள் துண்டில் இரண்டு வகைக் கன்றும் இல்லையென்றால் கோளாறு இடத்தில் இருக்கிறது: ஓரத்திலிருந்து அடிக்கும் வெயிலும் காற்றும், விறகு வெட்டு, ரொபஸ்டா போட்டிருக்கும் நிழல். முதல் வகை இருந்து இரண்டாம் வகை மட்டும் இல்லையென்றால் விதை கொண்டுபோகும் வேலை நின்றிருக்கிறது. குங்கிலியக் கன்று தாய்மரத்தடியில் மட்டும் சுண்டுவிரல் உயரத்துக்கு முளைத்து, தூரத்தில் ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம்.

பறவை கண்ணில் படுவதும் வேலை நடப்பதும் வேறு வேறு. ஒன்றிரண்டு கடந்து போனால் இனப்பட்டியலில் "உண்டு" என்று எழுதிவிடலாம். ஒரு மரத்துப் பழத்தை எல்லாம் காலி பண்ணும் அளவுக்கு அவை வந்து தங்கினால்தான் விதை பரவும். இனம் முற்றாக அழியும் முன்பே அதன் வேலை நின்றுவிடும். அதைப் பதிவு செய்ய எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

மரநாய் விஷயமும் பாருங்கள். ஆள் இருக்கிறது, வேலையும் செய்கிறது. சுற்றிலும் கிடைக்கும் பழம் காப்பி என்பதால் காப்பியை நட்டுக்கொண்டிருக்கிறது.

---

கணக்கன்

இந்தச் சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்பிட ஒரு குழு வைத்துச் செய்கிறீர்கள். ஆனால் ஒரே துண்டில் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது, பக்கத்தில் பெரிய காட்டிலும் அதே பரப்பளவில் பார்க்க வேண்டும். அங்கேயும் குங்கிலியக் கன்று அரிதாகவே இருந்தால்?

---

இருவாச்சிநேசன்

அருணாசலப் பிரதேசத்தில் பக்கே புலிகள் காப்பகத்தின் பக்கம் அப்படித்தான் ஒப்பிட்டார்கள். வேட்டையும் மரவெட்டும் நடந்த காட்டில் இருவாச்சி பரப்பும் மரங்களின் கன்று குறைவு, காப்பாற்றப்பட்ட காட்டில் அதிகம். ஒரே மலை, ஒரே மரம்.

---

சோலைக்கரை

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். வெடிப்பலாக் கன்று இருக்கிறது, ரொபஸ்டாவுக்கு அடியில் ஒடுங்கி, ஆனால் இருக்கிறது. நாங்கும் கொஞ்சம். குங்கிலியம் தாய்மரத்தடியில் இரண்டு இலையோடு சில, அவ்வளவுதான். காட்டு ஜாதிக்காய் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கணக்கன் சொன்னபடி பெரிய காட்டில் போய்ப் பார்க்க வனத்துறை அனுமதி வேண்டும், அது என் கையில் இல்லை.

---

குங்கிலியம்

உள்காட்டில் இருக்கிறது. நான் சொன்னேனே.

---

கணக்கன்

சரி, சாட்சி கிடைத்துவிட்டது 🙂 முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மேனேஜரிடம் பேச இது போதும். இப்போது அவர் கேட்கப்போவதைக் கேட்கிறேன். பழைய மரங்கள் இன்னும் நூறு வருஷம் நிற்கும். அதுவரை கார்பனும் நிழலும் கிடைக்கிறதே, என்ன அவசரம்?

---

குறிஞ்சி டீச்சர்

நூறு வருஷம் நிற்கும் என்று யார் சொன்னது? துண்டின் ஓரத்தில் காற்று அடித்துப் பெருமரங்கள்தான் முதலில் சாயும், மனாவுஸில் அதையும் அளந்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சாயும்போது அந்த இடத்தை எது பிடிக்கிறது என்பதுதான் விஷயம். வட்டத்தாமரை போன்ற மென்மரம் பிடித்தால் பச்சை அப்படியே இருக்கும், மரத்துக்குள் இருக்கும் கார்பன் குறையும். பெரிய விதை மரங்களுக்குப் பொதுவாகக் கட்டை கனமானது. அட்லாண்டிக் காட்டில் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, பெரிய பழந்தின்னிகள் போனால் கார்பன் சேமிப்பும் குறையும் என்று 2015இல் எழுதினார்கள். எல்லாக் காட்டுக்கும் இது பொருந்தாது. காற்றில் விதை பரப்பும் மரங்கள் மிகுந்த தென்கிழக்காசியக் காடுகளில் அந்த அளவு இழப்பு வருவதில்லை. செராஸ் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

காடு துண்டாவதற்கும் அதனால் இனங்கள் அற்றுப்போவதற்கும் நடுவில் நீண்ட தாமதம் உண்டு. இனிமேல் வரவிருக்கும் அந்த இழப்பை அழிவுக் கடன் என்கிறார்கள். மேனேஜர் கண்ணுக்குக் காடு நன்றாக இருப்பது அதனால்தான். வால்பாறையில் காட்டை வெட்டித் தோட்டம் போடத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். மரத்தின் ஆயுளுக்கு அது ஒரு தலைமுறைகூட இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. உங்கள் ஊரிலேயே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இருபது வருஷத்துக்கு மேலாகத் தோட்டக் கம்பெனிகளோடு சேர்ந்து இத்தகைய துண்டுகளை மீட்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் மர இனங்களின் நாற்றங்கால் வைத்திருக்கிறார்கள். சோலைமந்தி ரோட்டைக் கடக்கப் பழைய தீயணைப்புக் குழாயை மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டியதும் அவர்கள்தான், புதுத்தோட்டம் பக்கம் நீங்களே பார்த்திருப்பீர்கள். நட்டு மீட்ட துண்டுகளையும் சும்மா விட்ட துண்டுகளையும் ஒப்பிட்டு 2019இல் எழுதினார்கள். நட்ட இடங்களில் மரமூடாக்கும் இன வகையும் கார்பனும் கூடுதல். பெரிய காட்டிலிருந்து தூரமாக ஒதுங்கிய துண்டுகளில் அந்தப் பலன் இன்னும் அதிகம். பெரிய காட்டுக்குப் பக்கத்தில் என்றால் பறவையே பாதி வேலையைச் செய்துவிடும். உங்களுடையது ஒதுங்கிய துண்டு, அதனால் பறவை விட்ட வேலையை நீங்கள் செய்யலாம். முதலில் குங்கிலியமும் ஜாதிக்காயும்.

---

தாண்டிக்குடி மேடு

சில்வர் ஓக்கைத் தேயிலைக்கு நடுவில் வையுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். சோலைக்குள் வேண்டாம். தேயிலைக்கு நடுவிலும் நாலு வரிசைக்கு ஒரு உள்ளூர் மரம், அத்தி ஒன்றிரண்டு வைத்தால் இருவாச்சி வந்து உட்காரும். என் தோட்டத்தில் அத்தி பழுக்கும் வாரம் பறவைச் சத்தத்தில் போன் பேச முடியாது.

---

சோலைக்கரை

மேனேஜரிடம் பேசினேன். சோலைக்குள் சில்வர் ஓக் இல்லை என்று ஒப்புக்கொண்டார். கோஸ்டாரிகாக் கணக்கு வேலை செய்தது, நாங்கள் காப்பியும் கொஞ்சம் வைத்திருக்கிறோம். ஆனால் இப்போது அவருக்கு உற்சாகம் வந்து, ரொபஸ்டா முழுவதையும் ஒரே மூச்சில் பிடுங்கிவிடலாம் என்கிறார். ஆள் தயார். செய்யலாமா?

---

குறிஞ்சி டீச்சர்

ஐயோ, வேண்டாம். ஒரே மூச்சில் பிடுங்கினால் தரைக்கு வெளிச்சம் இறங்கி, மழைக்கு முன்னால் உண்ணிச்செடி வந்துவிடும். திட்டுத் திட்டாக எடுங்கள். எடுத்த இடத்தில் அந்த வருஷமே ஜூன் மழையோடு கன்று நட்டுவிடுங்கள், அடுத்த திட்டு அடுத்த வருஷம். மழைக்காட்டு விதை பலவற்றைப் பத்திரப்படுத்தி வைக்க முடியாது, பொறுக்கியதும் நாற்றங்காலுக்குப் போக வேண்டும். கன்று எங்கே கிடைக்கும் என்று தேடுவதற்கு முன் உங்கள் குங்கிலியத்தடியில் முளைத்திருக்கும் அந்த இரண்டு இலைக் கன்றுகளில் பாதியைத் தொட்டியில் எடுத்து வளருங்கள், அங்கேயே விட்டால் எப்படியும் சாகும்.

---

குங்கிலியம்

பிடுங்குவதற்கு முன்னால் வெடிப்பலாக் கன்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். கூலிக்கு வருகிற ஆளுக்கு எல்லாம் ஒரே களைதான். காப்பியோடு சேர்த்து அதையும் வெட்டிவிடுவார்கள்.